கழுத்தில் விழுந்த வெளிச்சம்

நான் அந்தப் படத்தை எடிட் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கண்டமங்கலத்தில் ஒரு குடும்பமே நான்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சொன்னதை நினைத்து நினைத்து ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் திறந்து பழைய ஃபைலைத் தேடிப் பார்த்தேன். கேமராவிலிருந்து வந்தது வந்தபடியே இருந்தது. பார்த்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என் பெயர் துர்கா. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சேட்டு கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பார், போட்டோ என் பொறுப்பு. நான் மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்களுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், எனக்கு இன்னும் ஒரு முழம் கூடுதல். யாராவது வந்து, "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று கேட்டால், "கலரு பெயின்ட் கடையில கெடைக்கும், கீழ எறங்கி ரைட்டுல போங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

வரன் பார்க்கக் கொடுக்கிற போட்டோ என்றால் எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் கேட்கவே வேண்டாம். பெண்ணை ஒரு ஃபுல் சைஸ், ஒரு ஆஃப் சைஸ் எடுப்பார்கள். எடுத்த கையோடு முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கி, மச்சம், தழும்பு, அம்மைப் புள்ளி என்று இருக்கிற எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள். துடைக்காமல் கொடுத்தால் வேலை தெரியாத ஸ்டுடியோ என்று பெயர் வந்துவிடும். நான் துடைக்க மாட்டேன். துர்கா ஸ்டுடியோவுக்குக் கறுப்பாகப் போனால் கறுப்பாகத்தான் திரும்பி வரணும் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

அஸ்வினி எதிர்ப் பக்கத்து ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். வயது இருபத்தாறு. அவள் அப்பா சவுரிராயன் சொந்த ஊரான கெடாரில் காலமான பிறகு, அம்மா அன்புச்செல்வியும் அவளும் விழுப்புரத்தில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். தினமும் காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறி வந்து, சாயங்காலம் திரும்பிப் போவாள். நாலரை மணி டீயை என் ஸ்டுடியோவில்தான் குடிப்பாள். இரண்டு வருஷப் பழக்கம்.

அவளுக்கு இடது காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்தில் பாதி உள்ளங்கை அளவுக்கு வெண்புள்ளி. பத்தாவது படிக்கும்போது வந்தது, அதற்குப் பிறகு வளரவும் இல்லை, போகவும் இல்லை. உடம்புக்கு ஒரு கெடுதலும் கிடையாது, தொட்டால் ஒட்டாது. லேபில் வேலை செய்கிறவளுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாருக்கும் அவள் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முறையும் விழுப்புரத்தில் வேறொரு ஸ்டுடியோவில் எடுத்த படம்தான் போயிருந்தது. அதில் கழுத்து பளிங்கு மாதிரி இருந்தது. வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், துப்பட்டா நகரும், கழுத்தைப் பார்ப்பார்கள், காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவதாக வந்தவர்கள், "ஏமாத்திட்டீங்களே" என்று வாசலில் நின்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்களே ஒரு போட்டோ எடுங்க. இது தெரியணும். தெரிஞ்சு வர்றவங்க வந்தா போதும். துப்பட்டாவ இழுத்து இழுத்து உட்டுக்கினு உக்கார்றது எனக்கு பேஜாரா இருக்கு."

"நான் ஒரு புள்ளிய கூட எடிட் பண்ண மாட்டேன் அஸ்வினி. சத்தியம்" என்று அவள் கையில் அடித்துச் சொன்னேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதுதான் இதில் வேடிக்கை.

லென்ஸ் வந்து அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது. என் தம்பி அய்யப்பன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் செய்த ஒரு லென்சை, அதே கண்ணாடி வளைவு, அதே பித்தளை உடம்பு என்று இப்போது ஒரு கம்பெனி மறுபடியும் செய்து விற்கிறது. பழையது ஒன்று கிடைப்பதே குதிரைக் கொம்பு, கிடைத்தாலும் அதற்குள் பூஞ்சை பூத்திருக்கும். இது அதே லென்சின் புதுப் பிறவி. இரண்டு வருஷமாக ராத்திரி பகல் பாராமல் அதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, சேட்டு என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருந்தார்.

அதன் விசேஷம் இதுதான். லென்சுக்குள் வெளிச்சம் நுழைகிற துளையை வளையத்தைத் திருப்பிப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். சாதாரண லென்சுகளின் துளை ஓரளவுக்குத்தான் விரியும். இது முழுசாக விரியும். அப்படி விரித்து, ஆளைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால், ஒரு விரல் கனத்துக்குத்தான் எதுவும் கூர்மையாகத் தெரியும். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கண் தெளிவாக இருக்கும், காது கரைந்துபோகும். போதாததற்கு, வெளிச்சமாக இருக்கிற இடங்களைச் சுற்றி லேசாக ஒரு புகை மாதிரி படரும். அது பழைய லென்சில் இருந்த குறை. புதிதாகச் செய்தவர்கள் அந்தக் குறையையும் மெனக்கெட்டு அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் குறைக்காகத்தான் நானும் ஆசைப்பட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி. என் ஸ்டுடியோவின் மேற்கு ஜன்னலில் வெயில் இளகி வருகிற நேரம். அஸ்வினி தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, இடது பக்கத்தை வேண்டுமென்றே ஜன்னலுக்கும் எனக்கும் காட்டி உட்கார்ந்தாள். நான் வளையத்தை முழுசாகத் திறந்து, அவள் இடது கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். நாற்பது படம் எடுத்திருப்பேன். ஒரு தடவைகூட வளையத்தை மூடிப் பார்க்கத் தோன்றவில்லை. புதுச் செருப்பு வாங்கியவள் வீட்டுக்குள்ளும் கழற்றாமல் நடக்கிற கதைதான்.

படம் அப்படி வந்திருந்தது. பதினைந்து வருஷத்தில் நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம் என்று இப்போதும் சொல்வேன். அந்தக் கண் மட்டும் தெளிவாக நின்றது. மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வெளிச்சத்தில் கரைந்திருந்தது.

"தெரியுது இல்லக்கா?" என்று அஸ்வினி ஸ்கிரீனில் கழுத்தைத் தொட்டுக் கேட்டாள்.

"தெரியுதே" என்றேன்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அங்கே அது இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் எங்களுக்குத் தெரிந்தது.

அவள் போன பிறகு சேட்டு வந்து படத்தைப் பார்த்தார். "கழுத்துல வெயிலு சூப்பரா உழுந்துக்கிது" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அவருக்கு முட்டை தோசை சுட்டுக் கொடுத்தேன்.

படம், அஸ்வினி வீட்டார் போகிற சர்ச்சில் வரன் பார்த்துக் கொடுக்கிற ஒரு அம்மா மூலமாகக் கண்டமங்கலத்துக்குப் போனது. பையன் பெயர் தேவா. புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர். அங்கிருந்து அவர் படமும் வந்தது. ரோஸ் கலரில் இருந்தார். இரு வீட்டிலும் ஒத்துக்கொண்டு, பையனும் பெண்ணும் போனில் பேசட்டும் என்று விட்டார்கள். மூன்று வாரம் பேசினார்கள். அந்த மூன்று வாரமும் நாலரை மணி டீ எனக்கு அரைமணி நேரக் கதையாகிவிட்டது. அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து என்ன சாப்பிட்டார் என்பதுவரை எனக்குத் தெரியும்.

ஒருநாள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தாள்.

"அக்கா, கேட்டுட்டேன். தைரியமா கேட்டுட்டேன்."

"என்னா கேட்ட?"

"போட்டோவ நல்லா பாத்தீங்களா, கழுத்துகிட்ட பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தேன், அந்தப் படத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்சது அதான்னு சொல்றாருக்கா."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று எனக்கு ஆச்சரியம். லென்சை எடுத்து அதன் மேல் இருந்த தூசியை என் புடவைத் தலைப்பால் துடைத்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். "நீங்க வந்தாதான்" என்று அஸ்வினி ஒற்றைக்காலில் நின்றதால், நானும் கேமராப் பையை மாட்டிக்கொண்டு விழுப்புரம் போனேன். ஒரு நல்ல காரியத்தில் இரண்டு படம் எடுக்கலாமே என்று அந்த லென்சைத்தான் மாட்டியிருந்தேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். தேவா, அவர் அம்மா அம்மணி, தாய்மாமன் நெடுஞ்செழியன். தேவா படத்தில் இருந்ததைவிட நல்ல கறுப்பு, படத்தில் இருந்ததைவிட நல்ல களை. முதலில் அம்மணியம்மா சின்னதாக ஜெபம் செய்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். நான் பாதிக் கண்ணைத் திறந்து தேவாவைப் பார்த்தேன். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். அவித்த மல்லாட்டைக் கடலையும் கேசரியும் தட்டில் வந்தன.

அஸ்வினி காபி எடுத்து வந்தாள். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். துப்பட்டா இல்லை, புடவைத் தலைப்பும் மறுபக்கத் தோளில். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் கழுத்தை மறைக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை.

அம்மணியம்மா டம்ளரை வாங்கப் போன கை பாதியில் நின்றது. நெடுஞ்செழியன்தான் கேட்டார்.

"பாப்பா, கழுத்துல அது என்னா?"

அஸ்வினி சிரித்துக்கொண்டே தேவாவைப் பார்த்தாள், நீங்களே சொல்லுங்கள் என்கிற மாதிரி. தேவா அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. ஆனால் சிரிப்பு உடனே போகவில்லை. போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"போட்டோவுல இது இல்லியே" என்றார் அம்மணியம்மா. கோபமாகக்கூட இல்லை, குழம்பிப்போய்.

"இருக்குதுங்க. நாங்க எதையும் மறைக்கல. போட்டோ எடுத்தவங்களே இங்க இருக்காங்க, கேளுங்க" என்று அன்புச்செல்வி என் பக்கம் கையைக் காட்டினார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மணியம்மா தன் போனைத் திறந்து படத்தைக் காட்டினார். நான் விரலை வைத்து, "இதோ பாருங்க, இங்க" என்றேன். அவர் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இது வெயிலு இல்லியாம்மா?"

அப்போதுதான் நான் முதல் தடவையாக அந்தப் படத்தை அடுத்தவர் கண்ணால் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிய கழுத்து. கரைந்துபோன ஓரம். அதன் மேல் லேசான புகை. வெண்புள்ளி அங்கேதான் இருந்தது. ஆனால் சாயங்கால வெயில் அங்கே வந்து உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. சேட்டு அன்றைக்கே சொன்னாரே, தோசை சாப்பிட்டுக்கொண்டே.

"எடிட் பண்ணிட்டு இப்போ இருக்குதுன்னா எப்பிடி?" என்றார் நெடுஞ்செழியன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எடிட் என்ற வார்த்தையை யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், என்னைப் பார்த்துச் சொல்லலாமா? "ஒரு நிமிஷம் இருங்க, கண்ணு முன்னாடியே காட்றேன்" என்று கேமராவை எடுத்தேன்.

அங்கேதான் நான் வாயையும் கையையும் சும்மா வைத்திருக்க வேண்டும்.

அஸ்வினியை வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்தேன். அவள் நான் சொன்னபடி நின்றாள், ஒரு பொருளை நகர்த்தி வைத்த மாதிரி. அன்றைக்கு எடுத்தது போலவே வளையத்தை முழுசாகத் திறந்து, கண்ணில் ஃபோகஸ் வைத்து ஒன்று எடுத்தேன். பிறகு வளையத்தை எட்டாம் எண்ணுக்குத் திருப்பி, துளையைச் சிறிதாக மூடி இன்னொன்று. இரண்டையும் கேமராவிலேயே மாற்றி மாற்றிக் காட்டினேன். முதல் படத்தில் வெண்புள்ளி வெளிச்சமாக இருந்தது. இரண்டாவதில் ஓரம் ஓரமாகத் தெளிவாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா? நான் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் பண்ணல. லென்சே அப்படித்தான். மூடி எடுத்தா தெரியும், தெறந்து எடுத்தா தெரியாது."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்போ தெரியற மாதிரியும் எடுக்கலாம், தெரியாத மாதிரியும் எடுக்கலாம்" என்றார் நெடுஞ்செழியன் நிதானமாக. "உங்களுக்கு ரெண்டும் தெரியும். தெரியாத மாதிரி எடுத்ததத்தான் எங்களுக்கு அனுப்பியிருக்கீங்க."

இல்லை என்று சொல்ல வந்தேன். அவர் சொன்னதில் எந்த வார்த்தை தப்பு என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்பது மட்டும்தான் மிச்சம். அதை எப்படிக் காட்டுவது? அதற்கு எந்த வளையத்தைத் திருப்புவது?

கேமரா கைமாறிக் கைமாறிப் போனது. அம்மணியம்மா இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு எதிரில் நின்ற பெண்ணையும் பார்த்தார்.

"இதுல எது நெசம்மா?" என்றார் என்னைப் பார்த்து. சத்தியமாக அந்த அம்மாள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மூடி எடுத்ததுதான் நிஜம் என்றால், ஒரு மாசமாக நான் தலையில் தூக்கிவைத்து ஆடியது என்ன? திறந்து எடுத்ததும் நிஜம் என்றால், இந்தப் பெண் ஏன் இப்படி நிற்கிறாள்?

அன்புச்செல்விக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க புள்ள போட்டோவுல ரோஸ் கலர்ல இருந்தாரு. நேர்ல பாத்து நாங்க ஏதாவது கேட்டமா?"

"அது எல்லாரும் பண்றதுதானே" என்றார் நெடுஞ்செழியன். அதில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

அஸ்வினி இத்தனை நேரமும் வாசலிலேயே நின்றாள். இப்போது தேவாவிடம் மட்டும் பேசினாள்.

"கழுத்த பாத்தீங்களான்னு கேட்டேனே."

"பாத்தேன்" என்றார் தேவா. "வெளிச்சம்னு நெனச்சேன்."

"புடிச்சிருக்குன்னு சொன்னீங்க."

"வெளிச்சம்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

அவர் பொய் சொல்லியிருந்தால்கூடத் திட்டியிருப்பேன். அந்தப் பிள்ளை உண்மையைத்தான் சொன்னது. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தது. யார் யாரை ஏமாற்றியது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சரியாகச் சொன்னால், அந்தக் கூடத்தில் யாருமே பொய் சொல்லவில்லை.

கேசரித் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. "ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று விழுப்புரத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

அடுத்த வாரம் முழுக்க அஸ்வினி டீ குடிக்க வரவில்லை. லேபில் அவள் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது என் ஜன்னலிலிருந்து தெரியும். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு இறங்கிப் போய்ப் பேசத் தைரியம் இல்லை. இவ்வளவு நீள வாய் வைத்துக்கொண்டு, மன்னிப்பு என்ற ஒரு வார்த்தைக்கு அதில் இடமில்லாமல் போய்விட்டது.

வேலை ஓடவில்லை. அந்த லென்சில் எடுத்த படங்களையெல்லாம் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த லென்சை அந்தக் காலத்தில் செய்தவர்கள் அந்தப் புகையை எப்படிப் போக்குவது என்று தவித்திருப்பார்கள். இன்றைக்கு அதே புகையை எப்படி வரவழைப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள், என்னை மாதிரி ஆட்கள் கேட்கிறோம் என்று. விழுப்புரத்து ஸ்டுடியோக்காரர் மௌசைப் பிடித்து அழிக்கிறார். நான் கண்ணாடியை வைத்து அழித்துவிட்டு, அழிக்கவில்லை என்று சத்தியமும் செய்திருக்கிறேன். அவராவது தான் அழிக்கிறோம் என்று தெரிந்து அழிக்கிறார்.

"நான் பண்ணது தப்பா, இல்லியா?" என்று சேட்டுவைக் கேட்டேன்.

"படம் நல்லாத்தான் இருந்துது" என்றார். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பத்தாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். முதல் படத்துக்குக் கட்டியிருந்த அதே நீலப் புடவை, அதே கொண்டை.

"அஸ்வினி, என்னை மன்னிச்சிடு. நீ சொன்ன ஒண்ண உட்டுட்டு மத்ததையெல்லாம் பாத்துக்கினு இருந்துட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பத்து நாளாக மனசில் எழுதி வைத்திருந்தது.

"உடுங்கக்கா" என்றாள். மன்னித்தாளா, பேச்சை நிறுத்தச் சொன்னாளா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். "இன்னொண்ணு எடுங்க. அதே லென்சு. அன்னிக்கு மாதிரியே தெறந்து வெச்சு."

"தெறந்தா?"

"ஆமா. ஆனா ஃபோகஸ் நான் சொல்ற எடத்துல வைங்க." ஆள்காட்டி விரலை வெண்புள்ளியின் நடுவில் வைத்துக் காட்டினாள். "இங்க."

கேள்வி கேட்கிற நிலையில் நான் இல்லை. வளையத்தை முழுசாகத் திறந்தேன். அவள் கழுத்தில் ஃபோகஸ் வைத்தேன். அவள் விரலை எடுத்தாள். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

ஸ்கிரீனில் வெண்புள்ளி அவ்வளவு கூர்மையாக இருந்தது. அதன் வளைந்த ஓரம், அதன் மேல் இருந்த பூனைமுடி, காதுக்குக் கீழே ஒரு சின்ன நரம்பு, எல்லாம். அதற்கு முன்னால் முகம் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு நிறம். கண் எங்கே, வாய் எங்கே என்று தெரியவில்லை. அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

அஸ்வினி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு எங்க வீட்டுல எல்லாரும் என்னை இப்பிடித்தாங்கக்கா பாத்தாங்க."

நான் கேமராவைக் கீழே வைத்தேன்.

"என் போனுக்கு அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன். அவள் அதைத் தேவாவுக்கு அனுப்பினாள். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை, ஆனால் தேவா மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை, 'அம்மா யோசிக்கிறாங்க', 'மாமா யோசிக்கிறாரு', 'கொஞ்சம் டைம் குடு' என்று எழுதிக்கொண்டிருக்கிறாராம். அப்போதுதான் எனக்கு அதைச் சொன்னாள்.

நான் டீ போட்டேன். அவள் குடித்தாள். பத்து நாளுக்குப் பிறகு அந்த டம்ளர் அவள் கையில் இருந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. பாதி டீயில் போன் அடித்தது. அவள் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

'இதுல உன் மூஞ்சியே தெரியலையே' என்று எழுதியிருந்தார் தேவா. அதற்குக் கீழே, 'மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு அனுப்பு.'

என் மனசு தாவிக் குதித்தது. முகத்தைக் கேட்கிறார் என்றால் மனசு மாறிவிட்டது என்றுதானே அர்த்தம்? அல்லது இதையும் ஒரு சரியில்லாத படம் என்று மட்டும் நினைத்துக் கேட்கிறாரா? எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியாமல் நான் அதற்குள் கேமராவைக் கையில் எடுத்து, வளையத்தை எட்டுக்குத் திருப்பிவிட்டேன்.

"உக்காரு அஸ்வினி. இப்போ எடுத்தா மூஞ்சியும் தெரியும், கழுத்தும் தெரியும். ரெண்டும் தெளிவா தெரியும். வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம்."

"வேணாங்கக்கா."

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, நின்றபடியே எழுதினாள். எழுதியதை மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பினாள். அனுப்பியதை எனக்கும் காட்டினாள்.

'ஒரு மணி நேரம் எதிர்லயே நின்னுக்கினு இருந்தேன். அன்னிக்கு பாத்திருக்கலாமே.'

பிறகு பதிலுக்குக் காத்திருக்காமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கக் கீழே இறங்கினாள்.